அக்காவின் அசல் குரல்

சின்னவளின் முகம் யாருக்கும் தெரியாது. குரல் தெரியாத வீடு கிடையாது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மருமகளை ஆட்டிப் படைக்கும் மாமியாருக்குப் பல வருடங்களாகக் குரல் கொடுப்பவள் அவள். காய்கறிக் கடையில் "தக்காளி எப்படி?" என்று கேட்டால் போதும், கடைக்காரர் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்து, "அம்மா, அந்தப் பொண்ணு பாவம்மா, கொஞ்சம் விட்டுப் பிடிங்க" என்பார். பக்கத்தில் நிற்கும் பெண்கள் அவளை முறைப்பார்கள். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள், ஊர்ச் சாபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கணவனிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கணவன் கிடைத்ததும் அந்தக் குரலால்தான். ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவன். நண்பர்கள் அவனைச் 'சவுண்டு' என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் ஒரே வசனத்தை மறுபடி மறுபடி பேசச் சொன்னான். பொறுத்துப் பார்த்த சின்னவள் கதவைத் திறந்துகொண்டு போய், "எதுல சார் தப்பு? சொன்னாத்தானே திருத்திக்க முடியும்?" என்று சண்டைக்கு நின்றாள். அவன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "முதல் தடவையே சரியாத்தான் இருந்துச்சு. இன்னொரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றான். அந்த ஒரு பதிலில் அவள் விழுந்தவள்தான். பெரியவள்கூட, "பொய் சொல்லத் தெரியாத பையனா இருக்கான். கட்டிக்கோ" என்றாள்.

பெரியவள் என்பது அவளுடைய அக்கா. அம்மா போன பிறகு சின்னவளுக்குத் தலை பின்னிவிட்டு, படிக்க வைத்து, கல்யாணமும் பண்ணி வைத்தவள். தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமே வாய்க்கவில்லை. ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் இருக்கும் சாயத் தொழிற்சாலையில், கழிவுநீரைச் சோதித்துப் பார்க்கும் அறையில் அவளுக்கு வேலை. கம்பெனி கொடுத்த ஓர் அறை வீட்டில்தான் குடியிருப்பு.

கல்யாணத்துக்குப் பிறகு சவுண்டு கூடத்து வேலையை விட்டுவிட்டு, இணையத்தில் சொந்தமாக ஒரு சேனல் ஆரம்பித்தான். ஆறு, குளம், குப்பைமேடு, அங்கே வேலை செய்கிறவர்களின் பாடு, இதுதான் சேனலின் விஷயம். நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டுமானால், அவன் நன்றாகவே செய்தான். பணம் தருகிறேன் என்று வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினான். "பேச வர்றவங்களைக் காப்பாத்தத் தெரியாதவன் மைக்கைத் தொடவே கூடாது" என்று கூட்டங்களில் பேசினான். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிய சின்னவளுக்குப் பெருமையில் உச்சி குளிர்ந்தது.

அந்தப் பேச்சை நம்பித்தான் அவள் அக்காவை அழைத்து வந்தாள்.

பதிவு அவர்களுடைய படுக்கையறையில் நடந்தது. எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரியின் கதவுகளைத் திறந்துவைத்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, ரெக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்தான் சவுண்டு. பெரியவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "என்னடி இது, பிரசவத்துக்கு வந்த மாதிரி எல்லாத்தையும் மூடி வைக்கிறீங்க" என்றாள்.

சவுண்டு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டான். "அக்கா, உங்க குரல் இந்த ரூமைத் தாண்டாது. மிஷின் வெச்சுக் குரலை மாத்தினா, இன்னொரு மிஷின் வெச்சுத் திருப்பிடுவாங்க. அதனால நீங்க சொல்றதை அப்படியே இவ தன் குரல்ல பேசுவா. உங்க பதிவை அழிச்சுடுவேன். நீங்க பாக்கவே அழிப்பேன்."

"நீ சொன்னா சரிப்பா" என்றாள் பெரியவள்.

அவள் மைக்கைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்துத்தான் பேசினாள். ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று மட்டும் கழிவுக் குழாயை மூடிவிட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் திறந்துவிடுவதைச் சொன்னாள். சாயக் கசடு படிந்த வடிகட்டித் துணிகளை வெறுங்கையால் கழுவுகிற பெண்களைப் பற்றிச் சொன்னாள். "ஆய்வு அன்னைக்குக் கையுறை குடுப்பாங்க. சாயங்காலம் எண்ணித் திருப்பி வாங்கிக்குவாங்க. அதுங்க கையைப் பாக்கணும்டி நீ. பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியலை, ஸ்பூன்ல குடுக்குதுங்க." தங்கையிடம் பேசுகிற பேச்சல்லவா? துணி கழுவும் மூன்று பேரையும் வாய் நிறையப் பேர் சொல்லித்தான் பேசினாள்.

பேசி முடித்ததும் சவுண்டு ரெக்கார்டரை அவளிடம் காட்டி, அழிக்கும் பொத்தானை அழுத்தினான். பெரியவள் அதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் வாடகைக்கு எடுத்த ஒலிப்பதிவுக் கூடத்தில், எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சின்னவள் பேசினாள். பேர்களை விட்டுவிட்டு 'மூணு பேரு' என்று மட்டும் சொன்னாள். ஆனால் அவளுக்கே தெரியாமல் ஒன்று நடந்துவிட்டது. ஸ்பூன் இடத்துக்கு வந்தபோது அழுகைக்கு முன்னால் மூச்சை உள்ளிழுக்கும் அந்த இழுப்பு தானாக வந்தது. பெரியவள் அழவே இல்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரிதான் சொல்லியிருந்தாள். காலமெல்லாம் அழுகை வசனம் பேசிய தொண்டை, வழக்கத்தில் அதைச் சேர்த்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்டு கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. மந்திரி பதில் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாரும் சந்தோஷமாக இருந்த ஒரு காலையில் யாரோ ஒரு புண்ணியவதி வீடியோவின் கீழே எழுதினாள்: "அய்யோ, இது நம்ம மாமியார் ஆச்சே! அந்த மூச்சு இழுப்பு வேற யாருக்கும் வராது." அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின.

கம்பெனிக்கு அது போதுமானதாக இருந்தது. இணைய ஊடகங்களைக் கண்காணிக்க அப்போதுதான் புதிதாக ஓர் ஆணையம் வந்திருந்தது. குரலையோ முகத்தையோ மாற்றினால் அதை வெளிப்படையாகப் போட வேண்டும். யாராவது புகார் கொடுத்தால், பேசியவர் நிஜமான ஆள்தான் என்று சேனல்காரர் நிரூபிக்க வேண்டும். ஊரை ஏமாற்றும் பொய் வீடியோக்களைத் தடுக்கக் கொண்டுவந்த விதி. 'ஒரு நடிகையை வைத்துக் கண்ணீர் வடித்து எங்கள் பெயரைக் கெடுத்துவிட்டார்கள்' என்று கம்பெனி புகார் கொடுத்தது. சேனலை முடக்கிவிட்டு, விசாரணைக்கு வரச் சொன்னார்கள்.

விசாரணை அன்று காலை சவுண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். சின்னவள் வாசலில் நின்றபடி கேட்டாள்.

"என்னங்க, அக்கா பேரு எங்கேயும் வராதில்ல?"

"எத்தனை தடவை கேப்பே?"

"சேனலே போனாலும் பரவாயில்லைங்க. எனக்கு அக்கா..."

"என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

அவன் காயப்பட்ட முகத்தோடு கேட்டான். கேட்டிருக்கவே கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. காலரில் மடிந்திருந்த இடத்தை நீவிவிட்டாள்.

ஆணையத்தின் அறை பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான் இருந்தது. ஏ.சி. ஒழுகிக்கொண்டிருந்ததால் அதன் கீழே ஒரு வாளி. நீள மேஜையின் முனையில் அதிகாரி அம்மாள். இந்தப் பக்கம் சின்னவளும் சவுண்டும். அந்தப் பக்கம் கம்பெனி வக்கீலும் தொழிற்சாலை மேனேஜரும். மேனேஜர் சாதுவான மனிதராகத் தெரிந்தார். சின்னவளைப் பார்த்து வணக்கம்கூடச் சொன்னார்.

"வீடியோவில் இருப்பது உங்கள் குரலா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமாங்க மேடம்."

அதிகாரியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "எங்க வீட்லயும் ஓடுது" என்றார் தணிந்த குரலில்.

வக்கீல் எழுந்தார். "மேடம், முகம் கிடையாது. பேரு கிடையாது. குரலும் சொந்தக் குரல் கிடையாது. இப்படி ஒரு ஆளு இருக்காங்கன்னு நாம எதை வெச்சு நம்பறது? நாளைக்கு நான்கூட நாலு நடிகைங்களைக் கூட்டிட்டு வந்து இந்த ஆணையத்தைப் பத்தி அழ வைக்கலாமே?"

"எங்கிட்ட அசல் பதிவு இருக்கு" என்றான் சவுண்டு.

சின்னவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சமாளிக்கச் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேஜை மேல் வைத்தான். அவள் நீவிவிட்ட காலருக்குக் கீழே இருந்த அதே பை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு விதியில ரெண்டு வழி இருக்கு. நீங்க கேட்டுக்கிட்டா, நான் மட்டும் தனியாக் கேட்டு விசாரிப்பேன். சம்பந்தப்பட்டவங்க அடையாளம் வெளியே போகாது. ஆனா முடிய மாசக் கணக்காகும், அதுவரைக்கும் சேனல் முடங்கித்தான் இருக்கும். இல்லைன்னா ரெண்டு தரப்பு முன்னாடியும் இங்கேயே போட்டுக் கேக்கலாம். உத்தரவு இன்னைக்கே. எது வேணும்?"

சின்னவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தனியாகக் கேட்கலாமா, அப்பாடா என்று மூச்சு விட்டாள். ரெக்கார்டரில் அழித்ததைக் கம்ப்யூட்டரில் ஏன் வைத்திருந்தான் என்ற சண்டையை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்.

"இங்கேயே போடுங்க மேடம்" என்றான் சவுண்டு.

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. பிடித்த கையின் மேல் இன்னொரு கையை வைத்துத் தட்டிக்கொடுத்தான். ஊசி போடும்போது குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல.

மேஜை மேலிருந்த ஒலிபெருக்கியிலிருந்து அக்கா வந்தாள். "என்னடி இது, பிரசவத்துக்கு வந்த மாதிரி..." எதையும் வெட்டாமல் ஆரம்பத்திலிருந்தே வந்தாள். மேனேஜர் முதல் வரியிலேயே நிமிர்ந்துவிட்டார். அவருக்கு அதிர்ச்சியெல்லாம் இல்லை. தொலைந்த சாவி கிடைத்தவர் போல இருந்தது அவர் முகம். வக்கீலின் காதில் எதையோ சொன்னார். வக்கீல் பேனாவைத் திறந்தார்.

கிணற்றுத் தண்ணீர் வந்தது. கையுறை வந்தது. முதல் பெண்ணின் பேர் வந்தது. பேனா அசைந்தது. இரண்டாவது பேர்.

சின்னவள் எழுந்து நின்றுவிட்டாள். "நிறுத்துங்க மேடம்! அந்தப் பேரெல்லாம் நாங்க வீடியோவுல போடவே இல்லை. தயவுசெஞ்சு நிறுத்துங்க!"

"உட்காருங்கம்மா. கேட்டு முடிச்சதும் உங்களைப் பேச விடறேன்."

மூன்றாவது பேரும் வந்தது.

உத்தரவு அன்றைக்கே வந்துவிட்டது. பேசியவர் உண்மையான ஆள். 'குரல் மாற்றப்பட்டது' என்று ஒரு வரி போட்டுவிட்டால் வீடியோவும் சேனலும் திரும்பலாம். "நாங்களும் உண்மையைத்தானே கேட்டோம்" என்று மேனேஜர் எழுந்துகொண்டார். சின்னவளுக்கு மறுபடியும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே வெளியே போனார்.

நடைக்கூடத்தில் சின்னவள் அக்காவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். தொழிற்சாலையில் போனை வாயிலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எடுக்க ஆள் கிடையாது என்று தெரிந்தும் அடித்தாள்.

"கொஞ்சம் நில்லு. நான் சொல்றதைக் கேளு" என்றான் சவுண்டு.

"அழிச்சுட்டேன்னு சொன்னீங்களே."

"எடிட்டிங்குக்கு ஒரு பிரதி வேணும்மா. எப்பவும் வெச்சுக்கறதுதான். உனக்கு இந்தத் தொழில் தெரியாதா?"

"தனியாக் கேக்கறேன்னு அந்தம்மாவே சொன்னாங்களே!"

"மாசக் கணக்கா முடங்கிக் கிடக்கணும். அதுக்குள்ள ஆத்தங்கரையில ரெண்டாவது தொழிற்சாலைக்குக் கம்பெனிக்காரங்க அனுமதி வாங்கிடுவாங்க. அப்புறம் ஆறே இருக்காது. கீழே எத்தனை ஊரு அந்தத் தண்ணியைக் குடிக்குது, நினைச்சுப் பாரு. ஒரு ஆளா, ஒரு ஆறான்னு வந்தா..."

"ஒரு ஆளு இல்லைங்க. நாலு பேரு. அந்த மூணு பேரு பேரும் அதுல இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். வெட்டி ஒட்டினது நீங்கதானே?"

அவன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான்.

"அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே" என்றான் அவன்.

அவன் ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட அவளை இப்படிச் சுட்டிருக்காது. அன்றைக்கு ஹெட்போனை இறக்கிவிட்டு அவன் சொன்ன பதிலில் எத்தனை உண்மை இருந்ததோ, இதிலும் அத்தனை உண்மை இருந்தது. அவன் மறந்துபோய்ச் செய்யவில்லை, பதறிப்போய்ச் செய்யவில்லை. அவள் மறுப்பாள் என்று தெரிந்து, அதைச் சுற்றிக்கொண்டு போவதற்கு வழி பார்த்து வைத்திருக்கிறான். காலையில் காயப்பட்ட முகம் காட்டியபோதே பென் டிரைவ் தயாராக இருந்திருக்கிறது.

அவன் கூப்பிடக் கூப்பிட அவள் படியிறங்கிப் போய் வாடகைக் காரில் ஏறினாள்.

தொழிற்சாலை வாயிலுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தின் சிமெண்டு பெஞ்சில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பை. கழுத்தில் எப்போதும் தொங்கும் அடையாள அட்டை இல்லை.

"வந்துட்டியா" என்றாள். "என்னமோ விசாரணை முடியற வரைக்கும் வர வேண்டாம்னாங்க. வீட்டையும் காலி பண்ணணுமாம். வாட்ச்மேன்தான் பாவம், எங்கிட்ட அட்டையைக் கேக்க முடியாம மென்னு முழுங்கினான். அவனுக்கு ஆறுதல் சொல்லிட்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பெரியவள் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள். முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அதுங்க பேரையும் போட்டாங்களா?"

"ஆமாக்கா."

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். தன் வேலை போனதற்குச் சலனப்படாத முகம் இப்போது கோணிக்கொண்டது. "உங்கிட்டே பேசறோம்னு வாய் வார்த்தையாச் சொன்னேன்டி. உங்கிட்டேதானே சொன்னேன்."

சின்னவள் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. சவுண்டு. எடுக்காமலிருக்க நினைத்தாள், ஒருவேளை மனம் மாறி ஏதாவது வழி பண்ணியிருப்பானோ என்ற நப்பாசையில் எடுத்தாள்.

"சேனல் வந்துடுச்சும்மா" என்றான். குரலில் இன்னும் மூச்சு வாங்கியது. "அக்கா பக்கத்துல இருக்காங்களா? மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு. நேர்லயும் கால்ல விழுந்து கேக்கறேன். வேலை போனா என்ன, நம்ம வீட்ல வந்து இருக்கட்டும். அப்புறம்... இனிமே மறைக்க ஒண்ணுமில்லையே, அவங்களே முகத்தோட உக்காந்து பேசினா எப்படியிருக்கும்? நீயே கேட்டுப் பாரேன். நீ சொன்னா அவங்க கேப்பாங்க."

சின்னவளின் தொண்டையில் மாமியார் வசனங்கள் அத்தனையும் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுகூட உதவவில்லை. "அவங்களை விட்டுடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

"என்னவாம்?" என்றாள் பெரியவள்.

"மன்னிப்பு கேக்கறாராம்."

"ஒரேயடியா வெட்டிக்கிட்டு நிக்காதே" என்றாள் பெரியவள். "நல்ல பையன்தான். ஏதோ ஒரு வேகம்."

"வேகம் இல்லைக்கா. யோசிச்சுத்தான் செஞ்சிருக்கார்."

சங்கு ஊதியது. வாயில் திறந்து பெண்கள் கும்பல் கும்பலாக வெளியே வந்தார்கள். பெரியவள் எழுந்து நின்று தேடினாள். துணி கழுவும் மூவரும் எப்போதும் போலச் சேர்ந்தேதான் வந்தார்கள். அவர்களுடைய கைகள் முழங்கை வரை வெந்தது போல் சிவந்திருந்தன. நடுவில் வந்தவள் வயதானவள். இன்னொருத்தி உயரமாக இருந்தாள். கடைசியில் வந்த இளம்பெண் பெரியவளைப் பார்த்ததும் சாலையைக் கடந்து ஓடி வந்தாள்.

"என்னக்கா, மத்தியானத்துல இருந்து ஆளைக் காணோம்? உள்ளே என்னென்னமோ பேசறாங்க. எங்க மூணு பேரையும் நாளைக்கு ஆபீஸ் ரூமுக்கு வரச் சொல்லியிருக்காங்க. சூப்பர்வைசர் வேற, 'அழகா ஊட்டி விடறீங்களாமே ஸ்பூன்ல'ன்னு ஒரு மாதிரி சிரிக்கிறான்."

பெரியவள் சொன்னாள். தான் பேசியது, பேர் சொன்னது, அந்தப் பேச்சு மேனேஜர் காதுக்குப் போனது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். வயதானவள் அங்கேயே தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிப் போச்சு அவங்க கைக்கு?" என்றாள் உயரமானவள். "யாரு குடுத்தது?"

பெரியவள் ஒருகணம் தங்கையைப் பார்த்தாள். "அது... அந்த ஆணையத்து ஆபீஸ்ல, சட்டப்படி கேட்டாங்களாம், அப்போ எப்படியோ..."

"என் புருஷன் குடுத்தார்" என்றாள் சின்னவள்.

மூவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அந்தக் குரலை அவர்களும் தினமும் சாயங்காலம் கேட்கிறவர்கள்தான். ஆனால் இப்போது யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

"குடுக்காம இருக்க வழி இருந்துச்சு. தனியாக் கேக்கறோம்னு சொன்னாங்க. அவர்தான் எல்லார் முன்னாடியும் போடச் சொன்னார்" என்றாள்.

"நீ அங்கே இருந்தியா?"

"பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"நிறுத்தச் சொல்லலியா?"

"சொன்னேன். ரெண்டு பேரோட பேரு வந்ததுக்கு அப்புறம்."

இளம்பெண் வெந்த விரல்களை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "என் பேரு எத்தனாவது?" என்றாள்.

சின்னவள் அவள் பேரைக் கேட்டாள். அவள் சொன்னாள்.

"மூணாவது" என்றாள் சின்னவள்.

அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பேருந்து வந்து நின்று, இவர்கள் ஏறுவார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது. உயரமானவள்தான் முதலில் பேசினாள்.

"நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு அந்த ரூமுக்கு நாங்க போறதா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க யாராவது. போனா என்ன சொல்றது? எங்க கையை நாங்களே பொய்ன்னு சொல்லணுமா?"

"போங்க" என்றாள் பெரியவள். "நானும் கூட வர்றேன். அட்டை இல்லைன்னா வாசல்ல நிக்கறேன்."

"நானும் வர்றேன்" என்றாள் சின்னவள்.

வயதானவள் தரையிலிருந்து தலையை நிமிர்த்தி, அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ வேண்டாம் தாயி" என்றாள். கோபமில்லாமல், ஒரு பாத்திரத்தைத் தள்ளி வைப்பது போலச் சொன்னாள். "உன் வீட்டுக்குத் தெரியாம நாங்க பேசிக்கணும்."

பெரியவள் மறுத்து ஏதாவது சொல்வாள் என்று சின்னவள் பார்த்தாள். அக்கா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வயதானவளின் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். நான்கு பேரும் குடியிருப்பு இருக்கும் சந்துப் பக்கம் நடந்தார்கள். திரும்பும் இடத்தில் பெரியவள் மட்டும் நின்று, "போய்ச் சாப்பிடுடி" என்றாள்.

சின்னவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். எந்தப் பேருந்தில் ஏறினாலும் அது அவனிருக்கும் வீட்டுக்குத்தான் போகும்.